மாமா எடுத்து வைத்த பெட்டி

அம்மா அளவுப் பலகையையே அளந்துகொண்டிருந்தாள்.

மீனை அளக்கும் பலகை அது. ஒரு முனையில் சின்னதாக ஒரு மரத் தடுப்பு இருக்கும். மீனின் வாயை அதில் முட்டவைத்து, வால் இரண்டாகப் பிரியும் இடத்தில் எத்தனை சென்டிமீட்டர் என்று பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான மீன்களை அளந்த அந்தப் பலகை, இன்று சாப்பாட்டு மேசைமேல் மல்லாந்து கிடந்தது. அம்மா அதன்மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். திருப்பி வைத்துப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"அம்மா, அது என்னோட ஸ்கேல்" என்றாள் பொடிசு.

"தெரியும். ஒரு நிமிஷம் இரு."

"எனக்குக் கணக்கு வீட்டுப்பாடம் இருக்கு."

"கணக்கு வீட்டுப்பாடம் இருக்குன்னு நீயா வந்து சொல்றியா? உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

அம்மா கேலி செய்தாளே தவிர, சிரிக்கவில்லை. அதுதான் பொடிசுக்குப் பிடிக்கவில்லை.

பொடிசு என்பது அவளுடைய பெயர் இல்லை. பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு அழகான, நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. அதைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஆள் தெருமுனையைத் தாண்டிவிடுவாள் என்பதால் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. வயது பத்து. வகுப்பிலேயே உயரம் குறைவு. ஆனால் வாய் மட்டும் நல்ல நீளம் என்று அப்பா சொல்வார்.

"பலகை சரியா இருக்காம்மா?"

"சரியாத்தான் இருக்கு. அதான் பிரச்சினையே" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு மீன் ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. கடலுக்குள் இறங்கி எல்லா மீனையும் எண்ண முடியாது இல்லையா? அதனால் துறைமுகத்துக்கு வரும் மீனில் கொஞ்சத்தை எடுத்து அளப்பார்கள். அந்தக் கொஞ்சத்தை வைத்துக் கடலில் மிச்சம் இருப்பது எப்படி என்று கண்டுபிடிப்பார்கள். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி பயறு எடுத்துப் பார்ப்பது போலத்தான்.

அம்மா தன் குறிப்பேட்டைப் பொடிசின் பக்கம் திருப்பினாள். "இதைப் பாரு. எல்லாம் கானாங்கெளுத்தி மீன்தான். மலைக்கு அந்தப் பக்கத்துத் துறைமுகத்துல அளந்தேன். பதினாறு, பதினேழு, பதினஞ்சு. நம்ம துறைமுகத்துல அளந்தேன். இருபத்திமூணு, இருபத்திநாலு, இருபத்திமூணு. நடுவுல ஒரு மலைதான் நிக்குது. ரெண்டு பக்கமும் ஒரே கடல். அங்க மட்டும் எப்படி எல்லாம் பொடியா இருக்கும்?"

"பொடியா இருந்தா என்ன தப்பு?" என்றாள் பொடிசு, கொஞ்சம் ரோஷத்தோடு.

"உன்னைச் சொல்லலடி. கானாங்கெளுத்தி கிட்டத்தட்ட பத்தொன்பது சென்டிமீட்டர் வளர்ந்தாத்தான் முட்டை போடும். அதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டா அது ஒரு முட்டைகூடப் போட்டிருக்காது. பொடி மீன் நிறைய வருதுன்னா கடலுக்கு ரெண்டு மாசம் ஓய்வு கொடுக்கணும். அந்த ரெண்டு மாசம் யாரும் வலை போடக் கூடாது. பெரிய மீனா வருதுன்னா ஓய்வு வேண்டாம்."

"அப்போ இந்த வருஷம்?"

அம்மா ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். அலுவலக இயக்குநர் அனுப்பியது. இரண்டு துறைமுகங்களின் அளவுகளும் ஒத்துப்போகவில்லை, எதிலோ பிழை இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் பெரிய துறைமுகத்தின் அளவையே எடுத்துக்கொள்வோம் என்று அதில் இருந்தது.

"பெரிய துறைமுகம் எது?"

"நம்மளுதுதான். அதை எடுத்துக்கிட்டா ஓய்வு கிடையாது. அது தப்பா இருந்தா, இருக்கிற பொடி மீனையெல்லாம் இப்பவே அள்ளிடுவாங்க. அப்புறம் வலை வெறும் வலையாத்தான் வரும்." அம்மா தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். "பலகையில தப்பு இல்ல. அப்போ நான்தான் எங்கயோ தப்புப் பண்றேன்."

பொடிசால் அதை நம்ப முடியவில்லை. அம்மா தப்புப் பண்ணுவாளா? ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறவள் ஆயிற்றே!

ஸ்கேலை வாங்க வந்தவள், வாங்காமலே போய்விட்டாள்.

மறுநாள் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது.

அதனால் டீச்சர் காலையிலேயே வகுப்பை மாற்றி அடுக்கினார். கேள்வி கேட்டால் டக் டக்கென்று பதில் சொல்கிறவர்கள் எல்லாரும் முன் பெஞ்சுக்குப் போனார்கள். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பொடிசு கடைசி பெஞ்சுக்குப் போனாள். அங்கே அவளுக்கு முன்னால் வகுப்பிலேயே உயரமான பையன் உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு உன் முதுகு மட்டும்தான் தெரியுது" என்றாள் பொடிசு.

"நல்லதுதானே? இன்ஸ்பெக்டருக்கு நீ தெரிய மாட்டே" என்றான் அவன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். முன் பெஞ்சில் ஐந்து கேள்வி கேட்டார். ஐந்துக்கும் பதில் வந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

"இந்த வகுப்புல எல்லாருமே கெட்டிக்காரங்க!" என்று சொல்லிவிட்டு, ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

எல்லாருமேவா? பொடிசுக்கு ஏழாம் வாய்ப்பாடு இன்னும் தகராறு. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கு ஆறாம் வாய்ப்பாட்டிலிருந்தே தகராறு. அவர் எங்களைப் பார்க்கவே இல்லையே, பார்க்காமல் எப்படி எல்லாரும் என்று சொல்லலாம் என்று யோசித்தாள்.

யோசித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். படகு மாமாவின் ஞாபகம் வந்துவிட்டது.

படகு மாமா சொந்த மாமா இல்லை. துறைமுகத்தில் நீலப் படகு ஒன்றுக்குச் சொந்தக்காரர். அம்மா அங்கே வேலைக்கு வந்த முதல் நாளே அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து அவர் பொடிசுக்கு மாமா ஆகிவிட்டார். அம்மா மலைக்கு அந்தப் பக்கத்து வேலையை முடித்துவிட்டு இங்கே வந்துசேர்வதற்குள் ஏலம் முடிந்து மீன் எல்லாம் போய்விடும். அதனால் மாமாதான் வாரம் இரண்டு முறை, அம்மாவுக்காக ஒரு பெட்டி மீனை ஐஸ் போட்டு எடுத்து வைப்பார்.

போன சனிக்கிழமை பொடிசு அங்கேதான் இருந்தாள். மாமா அந்தப் பெட்டியை நிரப்பியதைக் கண்ணால் பார்த்தாள். ஒவ்வொரு மீனாகக் கையில் எடுத்தார். தூக்கிப் பார்த்தார். "நீ வேண்டாம், போ" என்று சிலவற்றை ஒதுக்கினார். "நீ வாடா ராஜா" என்று சிலவற்றைப் பெட்டியில் அடுக்கினார். அவர் மீனோடு பேசுவதைப் பார்த்துப் பொடிசு அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தாள். ஒதுக்கிய மீன்களைக் கவனிக்கவே இல்லை.

மாமா அம்மாவுக்கு முன் பெஞ்சை மட்டும் காட்டிக்கொண்டிருக்கிறார்!

சாயங்காலம் வீட்டுக்கு ஓடிவந்து, வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டாள்.

சொன்னால் என்ன ஆகும்? அம்மா போய் மாமாவைக் கேட்பாள். மாமா ஏமாற்றிவிட்டார் என்று இயக்குநர் நினைப்பார். மாமாவின் முகம் தொங்கிப்போகும். போன வருடம் பொடிசு உடைக்காத சிலேட்டை அவள்தான் உடைத்தாள் என்று ஒருவன் டீச்சரிடம் கோள் சொன்னபோது எப்படி இருந்தது என்று அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. மாமா பாசத்தில்தானே செய்தார்? அவரைப் போய்க் கோள் சொல்வதா?

ஆனால் சொல்லாமலும் இருக்க முடியாது. நாளை புதன். வெள்ளிக்கு இன்னும் மூன்றே நாள்.

"அம்மா, நாளைக்கு ஸ்கூல் லீவு. டீச்சர்களுக்கெல்லாம் கூட்டமாம். காலையில என்னை மாமாகிட்ட விட்டுட்டு நீ அந்தப் பக்கம் போயேன்."

"அங்க போய் என்ன பண்ணப் போறே?"

"சும்மாத்தான்" என்றாள் பொடிசு. பொடிசு சும்மா என்று சொன்னால் அது சும்மா இல்லை என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை துறைமுகம் அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. ஐஸ் உடைக்கும் இயந்திரம் கடகடவென்று கத்தியது. ஏலம் போடுகிறவர் அதைவிடச் சத்தமாகக் கத்தினார். நீலப் படகிலிருந்து ஆட்கள் பெட்டி பெட்டியாக மீனை இறக்கினார்கள். மாமா தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, காலிப் பெட்டி ஒன்றைத் தன் முன்னால் இழுத்துப் போட்டார்.

"வா பொடிசு! தங்கச்சிக்குப் பெட்டி போடணும். நல்ல மீனா ரெண்டு பேருமா பொறுக்கலாம், வா."

பொடிசு அவர் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க ஸ்கூல்ல எந்த பெஞ்ச்?"

"இது என்ன திடீர்னு? கடைசி பெஞ்ச். எனக்குப் பின்னாடி சுவர்தான்."

"இன்ஸ்பெக்டர் வந்தா உங்ககிட்ட கேள்வி கேப்பாரா?"

மாமா சிரித்தார். "அவர் வர்ற அன்னைக்கு என்னைத் தண்ணி கொண்டு வரச் சொல்லி வெளிய அனுப்பிடுவாங்க. அவர் போற வரைக்கும் நான் தண்ணி தூக்கிட்டே இருப்பேன்."

"நேத்து என்னையும் பின்னாடி அனுப்பிட்டாங்க. இன்ஸ்பெக்டர் முன் பெஞ்சை மட்டும் கேட்டுட்டு, எல்லாருமே கெட்டிக்காரங்கன்னு எழுதிட்டுப் போயிட்டார். இனிமே எனக்கு யாருமே ஏழாம் வாய்ப்பாடு திரும்பச் சொல்லித்தர மாட்டாங்க. எல்லாருக்கும் தெரியும்னு எழுதியாச்சே!"

"அட! அது தப்பாச்சே" என்றார் மாமா, ஒரு மீனைத் தூக்கிப் பார்த்தபடி. கையகலத்தைத் தாண்டாத மீன். "நீ வேண்டாம், போ" என்று அதை ஒதுக்கினார்.

பொடிசு அந்தப் பொடி மீனைக் கையில் எடுத்தாள்.

"மாமா, இது எந்த பெஞ்ச்?"

மாமாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

அவர் பொடிசைப் பார்த்தார். அவள் கையில் இருந்த மீனைப் பார்த்தார். பெட்டியில் தான் அடுக்கியிருந்த பளபளவென்ற நாலு பெரிய மீன்களைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

"தங்கச்சி இதை வெச்சுத்தான் கடலையே கணக்குப் போடுதா?"

"ஆமா மாமா."

"கைக்கு வந்ததை எடுத்து வைங்கண்ணேன்னுதான் சொல்லுச்சு. நான்தான்... ஆபீசுக்குப் போற மீனாச்சே, நாலு பேர் பாப்பாங்களே, நல்லதா கொடுக்கணும்னு நெனச்சேன்." அவர் குரல் கம்மிப்போனது. "வீட்டுக்கு வர்றவங்களுக்கு உடைஞ்ச தட்டுலயா சாப்பாடு போடுவோம்?"

பொடிசு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உப்புப் பட்டுப் பட்டுச் சொரசொரப்பான கை. "அம்மாவுக்குத் தெரியாது மாமா. நான் சொல்லவும் இல்ல. இன்னைக்கு நாம சரியா எடுத்து வெச்சுரலாம்."

"சரியான்னா எப்படி? என் கை என் பேச்சைக் கேக்காதே! நல்ல மீனைப் பாத்தா அதுவா போயிடும்."

"அப்போ கையைக் கேக்க வேண்டாம். சீட்டுக் குலுக்கிப் போட்டுரலாம்!"

தெருவில் விளையாடும்போது யார் முதலில் ஆடுவது என்று சண்டை வந்தால் பொடிசும் மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்வார்கள். யாரும் யாரையும் குறைசொல்ல முடியாது.

படகிலிருந்து அன்றைக்கு இறங்கியவை இருபத்திரண்டு பெட்டிகள். மாமா பொறுக்கிய மீன்களை எடுத்த பெட்டியிலேயே திரும்பப் போட்டதும், எல்லாமே பொறுக்காத, பிரிக்காத பெட்டிகள். அவற்றில் சாக்பீஸால் எண் போடப் பார்த்தாள் பொடிசு. ஈரத்தில் ஒன்றுமே ஒட்டவில்லை. சரி என்று எல்லாவற்றையும் வரிசையாக வைக்கச் சொன்னாள். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, இருபத்திரண்டு சீட்டு எழுதி, மடித்து, மாமாவின் தொப்பியில் போட்டாள். படகு ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"பரிசு என்ன?" என்று கேட்டார் ஒருவர்.

"ஒரு பெட்டி மீன்" என்றாள் பொடிசு. "ஆனா உங்களுக்கு இல்ல."

மாமா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சீட்டை எடுத்தார். ஒன்பது.

ஒன்பதாவது பெட்டியைத் திறந்ததும் மாமாவின் முகம் வாடிவிட்டது. மேலே இருந்ததெல்லாம் பொடி மீன். "இன்னொரு சீட்டு எடுக்கலாமா? ஒண்ணே ஒண்ணு?"

"மாமா! குலுக்கினா குலுக்கினதுதான்."

"அடிப்பகுதியில பெரிசு இருக்கும். கொஞ்சம் கிளறி விட்டா..."

"மாமா!"

"சரி, சரி. தங்கச்சியைவிட நீ கறாரா இருக்கியே" என்று கையைக் கட்டிக்கொண்டார் மாமா.

பத்து மணிக்கு அம்மா வந்தாள். பலகையை விரித்து வைத்து அளக்க ஆரம்பித்தாள். பொடிசு எழுதினாள்.

"பதினாறு. பதினேழு. பதினஞ்சரை. இருபத்தொண்ணு. பதினாறு..."

பத்தாவது மீனில் அம்மா நின்றாள். "அண்ணே, இது நம்ம படகு மீன்தானா?"

மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். டீச்சர் முன்னால் நிற்கிற பையனைப் போல இருந்தார். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். எந்த மீனை எப்படிப் பொறுக்கினேன், என்ன சொல்லிப் பொறுக்கினேன் என்பது வரை சொன்னார்.

"நான்தான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன் தங்கச்சி. உன்னை மட்டுமில்ல, என்னையும் ஏமாத்திக்கிட்டேன். நல்ல மீனையே தேடித் தேடிப் பாத்ததுல, கடல் நல்லாத்தான் இருக்குன்னு நானே நம்பிட்டேன். பொடிசுங்க இவ்வளவு இருக்கிறது தினமும் என் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு."

அம்மா கையில் இருந்த மீனைப் பலகையில் வைத்தாள். பொடிசு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். திட்டிவிடுவாளோ?

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். கண் ஓரத்தைத் துடைத்தாள். பிறகு சிரித்தாள். நாலு நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அது.

"தப்பு என்னுதுண்ணே. கைக்கு வந்ததை எடுங்கன்னு சொன்னேன். ஏன்னு சொல்லவே இல்லையே!"

"ஆபீசுல என்னைப் பத்தி எழுதுவியா?"

"எழுதத்தான் வேணும். துறைமுகத்துல ஒரு அண்ணன் இருக்கார், அவர் பாசம் அளவுக்கு மீறிப்போனதால வந்த பிழைன்னு எழுதுறேன்."

சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

அன்றைக்கு நூறு மீன் அளந்தார்கள். எழுபத்தொன்று பத்தொன்பதைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே கடிதம் போனது. பழைய அளவுகளை ஒதுக்கிவிடும்படியும், புதிதாக அளக்கப் பத்து நாள் வேண்டுமென்றும் அம்மா கேட்டிருந்தாள். இயக்குநரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "பிழைக்கான காரணம் ஏற்கப்பட்டது." அம்மா அதை வெட்டி எடுத்துக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள்.

பத்து நாளும் துறைமுகத்தில் சீட்டுக் குலுக்கல் நடந்தது. ஒரு நாள் நீலப் படகு, ஒரு நாள் பச்சைப் படகு என்று எல்லாப் படகிலும் நடந்தது. எல்லாவற்றுக்கும் மாமாவின் தொப்பிதான். எங்கே எடுத்தாலும் பொடி மீன்தான் அதிகம் இருந்தது.

கடலுக்கு இரண்டு மாதம் ஓய்வு என்று அறிவிப்பு வந்தபோது சிலர் முணுமுணுத்தார்கள். இரண்டு மாதம் வேலையில்லாமல் இருப்பது யாருக்கும் லேசில்லை. மாமாதான் முதல் ஆளாகப் படகைக் கட்டினார். "நம்ம கண்ணால பாத்தோம், நம்ம கையால குலுக்கினோம். அப்புறம் என்ன பேச்சு?" என்று சொல்லிவிட்டு, வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் தைக்க உட்கார்ந்தார். பழக்கமில்லாத ஓய்வு அவரைப் பாடாய்ப்படுத்தியது. படகுக்கு இரண்டு முறை நீலம் அடித்தார். மூன்றாவது முறை அடிக்கப் போனபோது படகு ஆட்கள் தூரிகையை ஒளித்து வைத்துவிட்டார்கள்.

அந்த இரண்டு மாதத்தில் பொடிசு ஏழாம் வாய்ப்பாட்டைப் படித்து முடித்தாள். டீச்சரிடம் தானே போய், "எனக்கு இது தெரியாது டீச்சர்" என்று சொன்னாள். டீச்சர் தினமும் பத்து நிமிடம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

ஓய்வு முடிந்து படகுகள் போய்த் திரும்பிய முதல் காலை, அம்மாவும் பொடிசும் கரையில் காத்திருந்தார்கள். மாமா படகிலிருந்து குதித்ததும் தொப்பியைத்தான் நீட்டினார். பொடிசு சீட்டை எடுத்தாள். பதினான்கு. யாரும் எதையும் கிளறிவிடவில்லை. அம்மா அளந்தாள்.

"பத்தொன்பது. இருபது. பதினெட்டு. இருபத்தொண்ணு. பத்தொன்பதரை..."

எல்லாம் பெரிசு இல்லை. ஆனாலும் எழுதிக்கொண்டே வந்த பொடிசுக்குக் கை சந்தோஷத்தில் வேகமாக ஓடியது. மாமா ஒவ்வொரு எண்ணுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

நூறும் முடிந்தது. அம்மா பலகையைக் கழுவி எடுத்து வைத்தாள். அப்போது மாமா படகுக்குள் போய், ஈரச் சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்றைக் கொண்டுவந்தார். பிரித்துக் காட்டினார். பளபளவென்று ஒரு பெரிய கானாங்கெளுத்தி.

அம்மா புருவத்தை உயர்த்தினாள். "அண்ணே! திரும்பவும் பொறுக்கிட்டீங்களா?"

"இது அளக்குறதுக்கு இல்ல" என்றார் மாமா. "இது என் தங்கச்சிக்கு."

அம்மா இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். அவள் அதை அளக்கவே இல்லை.

வீட்டுக்குப் போனதும் பொடிசுதான், யாரும் பார்க்காதபோது தன் ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தாள். இருபத்தாறு!